உயரமும் அளவுமுறையும்: உயர்ந்த மரங்களை அளந்து ஒப்பிட்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மரத்தின் உயரம் எளிதில் பெறத்தக்க ஓர் எண் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. கிளை பரப்பி நிற்கும் காட்டு மரத்தைப் பொறுத்தவரை, அவ்வெண் எம்முறையால் பெறப்பட்டது என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் விக்டோரியா, 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் கிழக்குக் காடுகள், கலிபோர்னியாவின் ரெட்வுட் கிரீக் பள்ளத்தாக்கு ஆகிய மூன்று களங்களை முன்வைத்து, அளவுமுறையில் நேர்ந்த மாற்றம் காடுகளை ஒப்பிடும் முறையையும் காட்டைப் பற்றிய முடிவுகளையும் எவ்வாறு மாற்றியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மர உயரம், டேன்ஜெண்ட் முறை, சைன் முறை, ரக்கர் குறியீடு, ரெட்வுட் கிரீக், லைடார்

முன்னுரை

பள்ளிக் கணக்கில் 'உயரங்களும் தொலைவுகளும்' என்னும் பாடத்தைக் கடந்து வந்தவர் எவரும் கோபுரத்தின் உயரத்தையோ கலங்கரை விளக்கத்தின் உயரத்தையோ காணும் வழியை அறிவர். அடியிலிருந்து குறிப்பிட்ட தொலைவில் நின்று, உச்சியை நோக்கும் ஏற்றக்கோணத்தை அளந்து, அக்கோணத்தின் டேன்ஜெண்ட் மதிப்பால் தொலைவைப் பெருக்கினால் உயரம் கிடைத்துவிடும். இதே வினா சில வேளைகளில் மரத்தை வைத்தும் கேட்கப்படுவதுண்டு. கோபுரத்திற்குப் பொருந்தும் வழி மரத்திற்கும் பொருந்தும் என்ற இவ்வெண்ணம் பாடநூலோடு நின்றுவிடவில்லை. வனவியல் பயிற்சியிலும், பெருமரங்களைப் பட்டியலிட்ட பதிவேடுகளிலும் அது நெடுங்காலம் கேள்விக்கு உட்படாமல் நிலைபெற்றிருந்தது.

ஒரு மரத்தின் உயரத்தில் ஐந்தாறு மீட்டர் கூடினாலும் குறைந்தாலும் அதனால் என்ன என்று கேட்கலாம். தனி மரத்தைப் பார்த்து வியப்பதே நோக்கமாயின் ஒன்றுமில்லை. ஆனால் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் காட்டை மற்றொன்றோடு ஒப்பிட்டு, எது வளம் மிக்கது, எதை வெட்டாமல் காக்க வேண்டும், எங்கே மண்ணும் நீரும் தட்பவெப்பமும் மரத்தை அதன் எல்லைவரை வளரவிடுகின்றன என்று முடிவு செய்யும்போது, அந்த ஐந்தாறு மீட்டர் பிழை ஒப்பீட்டையே குலைத்துவிடுகிறது. ஓரிடத்து எண் மிகையாகவும் மற்றோரிடத்து எண் சரியாகவும் இருப்பின், அவ்விரு காடுகளுக்கும் இடையே காணப்படும் வேறுபாடு அளந்தவர்களால் உண்டாக்கப்பட்டதேயன்றிக் காட்டினுடையதன்று.

விக்டோரியாவின் வாய்மொழி உயரங்கள்

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில், விக்டோரியா மாநிலத்து மலைப் பள்ளத்தாக்குகளில் வளரும் யூகலிப்டஸ் ரெக்னன்ஸ் என்னும் தைலமர இனம், பூக்கும் தாவரங்களில் மிக உயரமானவற்றுள் ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடியேற்றக்காரர்கள் இக்காடுகளை அழித்துப் பண்ணைகளாக்கிய வேளையில், அம்மரங்களின் உயரம் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் தொடர்ந்து வெளிவந்தன. புகழ்பெற்ற தாவரவியலாளர் பெர்டினாண்ட் வான் மியூல்லரே 400 அடியைக் கடந்த மரங்களைப் பற்றி எழுதினார். அவருக்கு வந்த தகவல்கள் பெரும்பாலும் பிறர் சொல்லக் கேட்டவை.

இவற்றுள் இரண்டு சான்றுகள் தனித்து நோக்கத்தக்கவை. காடுகளின் ஆய்வாளராகப் பணியாற்றிய வில்லியம் பெர்குசன், வாட்ஸ் ஆற்றுப் பகுதியில் விழுந்து கிடந்த ஒரு மரத்தைப் பற்றி 1872இல் எழுதினார். வேர்ப்பகுதியிலிருந்து முறிந்த நுனிவரை அதன் நீளம் 435 அடி, அதாவது ஏறத்தாழ 132.6 மீட்டர் என்பது அவர் தந்த கணக்கு. மற்றொன்று தார்ப்டேல் என்னும் ஊரில் 1880களில் வெட்டப்பட்ட மரம். நில அளவையாளர் ஜார்ஜ் கார்ன்த்வெய்ட் அதை அளந்து தந்த எண் 375 அடி (114.3 மீட்டர்). பின்னதை ஐயுறுவதற்குக் காரணம் குறைவு; அளந்தவர் தொழில்முறை அளவையாளர், மரமும் வீழ்த்தப்பட்டு நிலத்தில் கிடந்தது. முன்னதோ ஒருவர் எழுதிய ஒரு கடிதத்தை மட்டுமே நம்பி நிற்கிறது. விழுந்த மரம் பள்ளமும் மேடுமான நிலத்தில் பல துண்டுகளாகக் கிடக்கும்போது, துண்டுகளுக்கு இடையிலான இடைவெளியும் நீளத்தில் சேர்ந்துவிட வாய்ப்புண்டு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

1888ஆம் ஆண்டு மெல்போர்னில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சி இச்செய்திகளுக்கு ஒரு சோதனையாக அமைந்தது. மிக உயர்ந்த மரத்தைக் காட்டுவோர்க்குப் பரிசு அறிவிக்கப்பட்டு, தேடல் முறையாக நடந்தது. 400 அடி மரம் ஒன்றும் கிடைக்கவில்லை. அளவையாளர் அளந்து உறுதிசெய்தவற்றுள் மிக உயரமானது பா பா மலைப்பகுதியில் நின்ற மரம், அதன் உயரம் 326 அடி 1 அங்குலம் (99.4 மீட்டர்). முன்பு அங்கே 400 அடி மரங்கள் இருந்திருக்கக்கூடும், வளமான பள்ளத்தாக்குகளின் காடு கண்காட்சிக்கு முன்பே வெட்டப்பட்டுவிட்டது என்று வாதிடலாம். அவ்வாதத்தை மறுக்கவும் இயலாது, நிறுவவும் இயலாது. அளக்கப்படாமல் அழிந்த காட்டைப் பற்றி வரலாற்றாசிரியனால் இதற்குமேல் சொல்ல முடிவதில்லை.

கோபுரமும் மரமும்

நிற்கும் மரத்தை அளக்கும் முறையிலேயே பிழை எங்கே நுழைகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். அளப்பவர் அடிமரத்திலிருந்து கிடைமட்டமாக 30 மீட்டர் தொலைவில் நிற்கிறார் என்க. மரத்தின் மெய்யான உச்சி அவருடைய கண்மட்டத்திற்கு மேல் 30 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆனால் அவ்வுச்சி அடிமரத்திற்கு நேர்மேலே இல்லை. அவரை நோக்கி 6 மீட்டர் சாய்ந்துள்ளது. எனவே உச்சிக்கும் அவருக்கும் இடையிலான கிடைமட்டத் தொலைவு 24 மீட்டர்தான். அவர் காணும் ஏற்றக்கோணம் ஏறத்தாழ 51.3 பாகை. டேன்ஜெண்ட் முறையில் 30 மீட்டரை அக்கோணத்தின் மதிப்பான 1.25ஆல் பெருக்கினால் 37.5 மீட்டர் கிடைக்கும். 30 மீட்டர் என்பது 37.5 மீட்டர் ஆகிவிட்டது. கால் பங்கு மிகை. கருவியில் குறையில்லை, கோணமும் சரி, தொலைவும் சரி. உச்சி அடிக்கு நேர்மேலே உள்ளது என்ற சொல்லப்படாத ஊகமே பிழைக்குக் காரணம்.

கோபுரத்தின் கலசம் அதன் நடுவில் நிற்கும்; மரத்தின் நுனி அவ்வாறு நிற்கக் கட்டுப்பட்டதன்று. அகன்ற முடியுடைய கருவாலி, மேப்பிள் போன்ற மரங்களில் இது மேலும் சிக்கலாகிறது. கீழே நிற்பவருக்குத் தம் பக்கம் நீண்டிருக்கும் கிளையின் நுனியே வானத்தின் எதிரில் உயர்ந்து தெரியும். மெய்யான உச்சி அதற்குப் பின்னே மறைந்திருக்கும். ஆகவே பிழை இருபுறமும் சமமாக நேர்ந்து சராசரியில் கழிந்துபோவதில்லை. மிகையின் பக்கமே சாய்கிறது.

இம்முறை இவ்வளவு காலம் நீடித்ததற்கு வனவியலாளரின் அறியாமை காரணமன்று. அவர்களுக்குத் தேவைப்பட்டது வெட்டு மரத்தின் அளவு. நேராக வளரும் ஊசியிலை மரங்களின் தோட்டத்தில் உச்சி பெரும்பாலும் அடிக்கு மேலேதான் நிற்கும்; அங்கே டேன்ஜெண்ட் முறை பெரிய தவறு செய்வதில்லை. மேலும் வணிகத்திற்குக் கணக்கில் வருவது விற்கத்தக்க அடிமரத்தின் நீளமேயன்றி நுனிக்கொம்பு அன்று. குடியேற்றக் காலத்திலும் இதுவே நிலை. 1691ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் சாசனம், கடற்படைக் கப்பல்களின் பாய்மரத்திற்கென 24 அங்குல விட்டமும் அதற்கு மேலும் உடைய பைன் மரங்களை அரசிற்கு ஒதுக்கியது. அச்சட்டம் விட்டத்தைக் குறித்ததே தவிர உயரத்தைக் குறிக்கவில்லை. தேவை எதுவோ அதற்கேற்ற நுட்பமே வளர்கிறது.

தேவை மாறியபோது பழைய முறை அப்படியே எடுத்துச் செல்லப்பட்டது. மேரிலாந்து மாநில வனத்துறையின் தலைவராக இருந்த பிரெட் பெஸ்லி 1925இல் பெருமரங்களை ஒப்பிட ஒரு வாய்பாடு வகுத்தார். சுற்றளவு அங்குலத்தில், உயரம் அடியில், முடியின் சராசரி அகலத்தில் கால் பங்கு அடியில் என மூன்றையும் கூட்டி மரத்திற்கு மதிப்பெண் தரும் அவ்வழியே, 1940இல் தொடங்கிய அமெரிக்க நாடளாவிய பெருமரப் பதிவேட்டிற்கு அடிப்படையாயிற்று. சுற்றளவை நாடாவால் அளப்பதில் தவறு மிகக் குறைவு. முடியகலத்தின் பங்கு சிறியது. உயரமோ ஆர்வலர்கள் தத்தம் வழியில் அளந்து அனுப்பியது. இதனால் பதிவேட்டின் ஒரே கூட்டுத்தொகையில் நம்பத்தக்க எண்ணும் நம்பத்தகாத எண்ணும் கலந்து நின்றன. பல பதின்மங்கள் கழிந்தே அப்பதிவேட்டை நடத்திய அமைப்பு சைன் முறையை விளக்கும் வழிகாட்டி நூலை வெளியிட்டது.

கிழக்குக் காடுகளில் புதிய அளவை

மாற்றம் 1990களின் நடுவில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் நிகழ்ந்தது. ராபர்ட் லெவரெட், வில் பிளோசன் முதலியோர் பழங்காட்டு எச்சங்களைத் தேடித் திரிந்தவர்கள். அப்போது வேட்டைக்காரர்களுக்காகவும் அளவையாளர்களுக்காகவும் சந்தைக்கு வந்திருந்த லேசர் தொலைவுமானி அவர்கள் கைக்கு எட்டியது. அதைக் கொண்டு அடிமரத்திற்கான தொலைவை அளக்காமல், உச்சிக்கே நேராகக் கதிரைச் செலுத்தித் தொலைவைப் பெற்றனர். அத்தொலைவு செங்கோண முக்கோணத்தின் கர்ணம். அதை ஏற்றக்கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் கண்மட்டத்திற்கு மேலுள்ள உயரம் கிடைக்கிறது. அடியை நோக்கியும் அவ்வாறே செய்து இரண்டையும் கூட்டினால் முழு உயரம். முற்கூறிய மரத்தில் உச்சிக்கான கர்ணத் தொலைவு 38.4 மீட்டர், 51.3 பாகையின் சைன் மதிப்பு 0.78, பெருக்கினால் 30 மீட்டர். உச்சி எங்கே சாய்ந்திருந்தாலும் கணக்குக் கெடுவதில்லை.

கணித அளவில் இதில் புதுமை ஏதுமில்லை. பள்ளி மாணவரும் அறிந்ததே. கர்ணத்தை நேரடியாக அளக்கக் கருவி இல்லாததால்தான் உலகம் அடுத்துள்ள பக்கத்தை அளந்துகொண்டிருந்தது. புதிய முறையின் பெருஞ்சிறப்பு அதன் பிழையின் திசையில் உள்ளது. லேசர் கதிர் உச்சிக்குப் பதில் தாழ்ந்த கிளையில் பட்டால், அக்கிளையின் சரியான உயரமே கிடைக்கும். அது மரத்தின் உயரத்தைவிடக் குறைவு. எனவே இம்முறையின் தவறு பெரும்பாலும் குறைத்துச் சொல்வதாக இருக்குமேயன்றி இல்லாத உயரத்தைப் படைப்பதாக இராது. ஆவணமாக்குவோர்க்கு இது பெரிய காப்பு. ஐயம் வருமிடத்தில் ஒருவர் மரத்தின் மேலேறி நாடாவைத் தொங்கவிட்டுச் சரிபார்க்கலாம். இவ்வாறு ஏறி அளந்த எண்களே இத்துறையில் உரைகல்லாயின.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, பெரும் புகைமலைத் தேசியப் பூங்காவின் கேட்டலூச்சி பள்ளத்தாக்கில் நிற்கும் 'பூகர்மேன் பைன்' என்னும் வெள்ளைப் பைன். அந்நிலத்தை முன்னர் உடைமையாக வைத்திருந்த ராபர்ட் பாமர் என்பவரின் பட்டப்பெயரே மரத்திற்கும் வந்தது. அவர் தம் நிலத்து மரங்களை வெட்டவிடாமல் காத்தவர். 1995 அக்டோபரில் ஓபல் சூறாவளி நுனியை முறிக்கும் முன்னர் அம்மரம் 63 மீட்டர் உயரம் கொண்டிருந்தது. முறிந்த பின்னரும் 56 மீட்டருக்கு மேற்பட்டு நின்ற அதனை ஏறி நாடாவால் அளந்துள்ளனர். வெள்ளைப் பைன்கள் இதனினும் மிக உயர்ந்து வளர்ந்ததாகக் குடியேற்றக் காலக் குறிப்புகள் கூறுகின்றன. அவற்றைச் சரிபார்க்க வழியில்லை.

1996இல் இவ்வார்வலர்கள் கிழக்கத்திய மரங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். ஒரே முறையால் அளந்த எண்கள் பல இடங்களிலிருந்து சேர்ந்ததும், இடங்களை ஒப்பிடுவது எப்படி என்ற வினா எழுந்தது. கால்பி ரக்கர் என்பவரின் பெயரால் வழங்கும் குறியீடு அதற்கு விடையாக வந்தது. ஓர் இடத்தில் ஒவ்வோர் இனத்திலும் மிக உயர்ந்த ஒரு மரத்தை மட்டும் எடுத்து, அவற்றுள் முதல் பத்து இனங்களின் உயரங்களைச் சராசரியாக்குவதே ரக்கர் குறியீடு. ஒரே இனம் எத்தனை உயர்ந்தாலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் செல்வாக்குப் பெறாது. ஆதலால் ஒரு பைன் தோப்பின் பெருமையைக் கொண்டு முழுப் பள்ளத்தாக்கும் உயர்ந்த காடு என்று பெயர் வாங்க முடியாது.

இக்குறியீட்டின்படி பெரும் புகைமலைப் பூங்காவின் மதிப்பு 50 மீட்டரைக் கடந்தது. அங்கு ஒரு துலிப் மரம் 2011இல் ஏறி அளக்கப்பட்டபோது 58 மீட்டருக்கு மேலிருந்தது. வடக்கே பென்சில்வேனியாவில் கிளேரியன் ஆற்றை ஒட்டிய குக் காட்டின் மதிப்பு ஏறத்தாழ 41 மீட்டர். அங்குள்ள 'லாங்ஃபெலோ பைன்' மட்டும் ஏறத்தாழ 56 மீட்டர். குக் காடு பைன்களுக்கும் ஹெம்லாக்குகளுக்கும் பெயர் பெற்றது. அதற்கும் வடக்கே, நியூயார்க் மாநிலத்தில் கேட்டராகஸ் ஓடை அறுத்துச் சென்ற சோவர் பள்ளத்தாக்கில் பைனின் துணை பெரிதாக இல்லாமலே, இலையுதிர் மரங்களைக் கொண்டே ஏறக்குறைய அதே மதிப்பு கிடைத்தது. சோவரின் சிறப்பு அதுவரை அந்த வட்டாரத்து இயற்கை ஆர்வலர் சிலரன்றிப் பிறர் அறியாதது. செங்குத்துப் பாறைச் சுவர்களுக்கிடையே காற்றுக்கு ஒதுங்கிய வண்டல் திட்டுகளில், தெற்கிலுள்ள காடுகளுக்கு நிகராக மரங்கள் எழுந்து நிற்பதை எண்களே முதன்முதலில் எடுத்துக்காட்டின. பழைய மிகைக் கணக்குகள் எல்லாக் காட்டிலும் பரவியிருந்த காலத்தில் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்பட்டிருக்காது.

குறியீட்டிற்குக் குறைகளும் உண்டு. பரப்பு மிகுந்த பூங்காவும், இனவளம் மிக்க தென்பகுதிக் காடும் இயல்பாகவே முந்துகின்றன. பலமுறை தேடிய இடத்தின் மதிப்பு ஒருமுறை நடந்த இடத்தினதைவிட உயர்கிறது. இரண்டு சதுர கிலோமீட்டர்ப் பள்ளத்தாக்கையும் இரண்டாயிரம் சதுர கிலோமீட்டர்ப் பூங்காவையும் ஒரே பட்டியலில் நிறுத்துவது என் கருத்தில் பொருத்தமற்றது. ஒரே பள்ளத்தாக்கின் காலமாற்றத்தை அறிய இக்குறியீடு இன்னும் நன்கு பயன்படும். அதற்கு ஹெம்லாக்கின் அழிவு துயரமான சான்று. ஜப்பானிலிருந்து வந்த, கம்பளி போர்த்தியது போன்ற சிறு பூச்சி 2002இல் புகைமலைப் பூங்காவில் கண்டறியப்பட்டது. மரங்கள் சில ஆண்டுகளில் பட்டுப்போகும் என்று தெரிந்தபின், பிளோசனும் ஜெஸ் ரிடிலும் எஞ்சிய பெரிய ஹெம்லாக்குகளைத் தேடி ஏறி அளந்து ஆவணப்படுத்தினர். அவற்றுள் மிக உயர்ந்தது 'ஊசிஸ்' என்று பெயரிடப்பட்ட, 52.8 மீட்டர் உயர மரம். இன்று அது உயிருடன் இல்லை. உயிருள்ள மரங்களை மட்டுமே கணக்கிடும் ரக்கர் பட்டியலில் ஹெம்லாக்கின் இடத்தைக் குட்டையான வேறொன்று நிரப்பும். காடு இழந்ததன் அளவு அவ்விரண்டு எண்களின் வேறுபாட்டில் பதிவாகும். விக்டோரியாவில் செய்யப்படாதது இங்கே செய்யப்பட்டது.

ரெட்வுட் கிரீக்: அளவும் எல்லையும்

ரெட்வுட் என்பதைத் தமிழில் 'செம்மரம்' எனப் பெயர்ப்பதுண்டு. தமிழக, ஆந்திர எல்லைக் காடுகளின் செம்மரத்தோடு அது மயங்கும் என்பதால் இங்கு ரெட்வுட் என்றே வழங்கப்படுகிறது. கலிபோர்னியாவின் வடகடற்கரையில் வளரும் இம்மரத்தின் வரலாற்றில், ஓர் அளவு நாட்டின் சட்டத்தையே தொட்டதைக் காண்கிறோம்.

1963இல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் பால் சால், ரெட்வுட் கிரீக் ஆற்றின் வளைவிலுள்ள வண்டல் சமவெளியில் 367.8 அடி (112.1 மீட்டர்) உயர மரத்தைக் கண்டறிந்தார், மறு ஆண்டு இதழில் அது உலகின் மிக உயர்ந்த மரமாக அறிவிக்கப்பட்டது. அந்நிலம் அப்போது மரவெட்டு நிறுவனத்திற்கு உரியது. ரெட்வுட்களுக்கென ஒரு தேசியப் பூங்கா வேண்டும் என்று ஏற்கெனவே நடந்துவந்த கிளர்ச்சிக்கு இவ்வெண் பெரும் வலுச் சேர்த்தது. 1968 அக்டோபர் 2ஆம் நாள் பூங்காச் சட்டம் கையெழுத்தாயிற்று. ஆயினும் எல்லை வகுக்கப்பட்ட விதம் வியப்புக்குரியது. உயர்ந்த மரங்கள் நின்ற சோலையைப் பூங்காவின் பிற பகுதியோடு இணைக்க, ஆற்றின் இருகரையிலும் கால் மைல் வீதம் அரை மைல் அகலமே உள்ள ஒரு நீண்ட பட்டை ஒதுக்கப்பட்டது. அதன் வடிவம் பற்றி 'புழு' என்றே அதனை அழைத்தனர்.

உயர்ந்த மரங்கள் ஆற்றங்கரை வண்டலில்தான் வளரும், சரிவுகளில் வளர்பவை அத்துணை உயரா என்ற கருத்து இந்த எல்லைக்குள் பொதிந்துள்ளது. அதுவரை அறியப்பட்ட அளவுகளும் அதையே காட்டின. அளக்கச் சென்றவர்கள் சென்ற இடமும் ஆற்றங்கரையே. பூங்காவிற்கு வெளியே இருபுறச் சரிவுகளிலும் மேல்பகுதியிலும் மரவெட்டுத் தொடர்ந்தது. மழைக்காலத்தில் மொட்டைச் சரிவுகளின் மண் சரிந்து ஆற்றுப்படுகையை மேடாக்கியது. காக்கப்பட்ட சோலையின் வேரடிக்கே ஆபத்து வந்தது. ஆற்றைப் பாதுகாக்காமல் ஆற்றங்கரை மரத்தைப் பாதுகாக்க முடியாது என்பது புலனாகி, 1978 மார்ச்சில் பூங்கா 48,000 ஏக்கர் விரிவாக்கப்பட்டது. சேர்க்கப்பட்ட நிலத்தில் பெரும்பகுதி அதற்குள் வெட்டப்பட்டுவிட்டது.

அதன்பின் உயரப் பட்டம் வேறு பள்ளத்தாக்குகளுக்குச் சென்றது. 1996இல் மாண்ட்கோமரி சோலையின் 'மெண்டோசினோ மரம்', 2000இல் புல் கிரீக்கை ஒட்டிய ஹம்போல்ட் பூங்காவின் 'ஸ்ட்ராட்டோஸ்பியர் ஜயண்ட்' என வந்தவை எல்லாம் 112 மீட்டரை ஒட்டியே நின்றன. 2006 கோடையில் கிறிஸ் அட்கின்ஸும் மைக்கேல் டெய்லரும் மீண்டும் ரெட்வுட் தேசியப் பூங்காவிற்குள் தேடினர். இம்முறை 1978இல் சேர்க்கப்பட்ட பகுதியில், வண்டல் சமவெளியில் அன்றி மலைச்சரிவில், 'ஹைபீரியன்' என்று பின்னர்ப் பெயர்பெற்ற மரத்தைக் கண்டனர். ஸ்டீபன் சில்லெட் ஏறி நாடாவால் அளந்ததில் 115.55 மீட்டர் கிடைத்தது. பின்னர் 116 மீட்டரைக் கடந்தது.

இதன் பொருளை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். 1968இல் எல்லை வகுத்தவர்கள் அறிந்திருந்த உயரத்தைவிடக் கூடுதலான உயரம் 'புழு'வுக்கு வெளியே, வெட்டுவதற்கென விடப்பட்ட சரிவில் இருந்தது. அதே வகை நிலத்தில் வெட்டப்பட்டவற்றுள் எத்தனை மரங்கள் அதற்கு நிகராக நின்றன என்பது இனித் தெரியப்போவதில்லை. சரிவு மரங்கள் குட்டையானவை என்ற முடிவு அளந்து பெற்ற முடிவாகத் தோன்றினாலும், அளக்காத இடத்தைப் பற்றிய ஊகமாகவே இருந்துள்ளது. ரெட்வுட்டின் உயர எல்லையை நீரேற்றத்தின் அடிப்படையில் ஆராய்ந்து 2004இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு அதனை 122 முதல் 130 மீட்டர் எனக் கணித்தது. நிற்கும் மரங்கள் அவ்வெல்லைக்கு இன்னும் சற்றுக் கீழேயே உள்ளன.

ஹைபீரியனின் இருப்பிடம் வெளியிடப்படாமல் காக்கப்பட்டது. ஆயினும் ஆண்டுதோறும் தேடி வந்தோர் காலடி பட்டு அடிநிலம் இறுகி, சூழ்ந்திருந்த பெரணிகள் அழிந்தன. 2022இல் பூங்கா நிர்வாகம் அப்பகுதியை மூடி, மீறுவோர்க்கு 5,000 டாலர் வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் விதித்தது. 1963இல் ஒரு காட்டைக் காக்க உதவிய அதே வகை எண், இப்போது ஒரு மரத்திற்குத் தீங்காயிற்று.

வானிலிருந்து அளத்தல்

கடந்த இருபதாண்டுகளில் தேடும் வேலையை லைடார் ஏற்றுக்கொண்டுவிட்டது. வானூர்தியிலிருந்தோ டிரோனிலிருந்தோ லேசர் துடிப்புகளை அனுப்பி, முடியின் மேற்பரப்பையும் நிலத்தின் பரப்பையும் தனித்தனியே வரைந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பது அம்முறை. 2008இல் தாஸ்மேனியாவின் 'செஞ்சூரியன்' என்னும் தைலமரம் இவ்வாறே வெளிப்பட்டது, அப்போது 99.6 மீட்டர், பின்னர் 100.5 மீட்டர். போர்னியோவின் டானம் பள்ளத்தாக்கில் கண்டறியப்பட்ட மஞ்சள் மெராண்டி மரத்தின் மேல் 2019இல் உன்டிங் ஜாமி நாடாவோடு ஏறினார், 100.8 மீட்டர். மலாய் மொழியில் கோபுரம் எனப் பொருள்படும் 'மெனாரா' அதன் பெயர். அமேசானில் ஜாரி ஆற்றுப் படுகையின் டினிசியா எக்செல்சா மரமொன்று 88.5 மீட்டர் என 2019இல் அறிவிக்கப்பட்டது. தைவானின் தாஆன் ஆற்றுத் தலைப்பகுதியில் 84.1 மீட்டர் தைவானியா மரமும், 2023 மே மாதம் யார்லுங் சாங்போ பெரும்பள்ளத்தாக்கில் 102.3 மீட்டர் சைப்ரஸ் மரமும் வெளிப்பட்டன. மனிதர் நடந்து சேரப் பல நாள் ஆகும் பள்ளத்தாக்குகள் ஒரே பட்டியலில் வந்துவிட்டன.

கவனிக்க வேண்டியது, டேன்ஜெண்ட் முறையின் பழைய ஊகம் இங்கே வேறு உருவில் திரும்புவது. லைடார் கணக்கில் உச்சியின் உயரம், அவ்வுச்சிக்கு நேர்கீழே உள்ள நிலத்திலிருந்து கழித்துப் பெறப்படுகிறது. சமவெளியில் இதனால் கேடில்லை. ஆற்றின் செங்குத்துக் கரையிலோ, மரங்கள் ஒளியை நாடிப் பள்ளத்தின் பக்கம் சாய்கின்றன. 45 பாகைச் சரிவில் உச்சி 5 மீட்டர் பள்ளத்தின் பக்கம் நீண்டிருந்தால், அதன் நேர்கீழ் நிலம் மரத்தின் அடியைவிட 5 மீட்டர் தாழ்வாக இருக்கும். மரம் அந்த 5 மீட்டரையும் தன் உயரமாகப் பெற்றுவிடும். உச்சி அடிக்கு நேர்மேலே உள்ளது என்று அன்று கொண்டதும், அடி உச்சிக்கு நேர்கீழே உள்ளது என்று இன்று கொள்வதும் ஒன்றே. இதனால்தான் தைவான் குழுவினர் லைடார் தந்த எண்ணோடு நில்லாமல் மேலேறி நாடாவிட்டு அளந்தனர்.

நாடாவால் அளந்தாலும் ஒரு வினா எஞ்சுகிறது: சரிவில் நிற்கும் மரத்திற்கு அடி எது? மேல்பக்க நிலமா, கீழ்ப்பக்க நிலமா, இரண்டிற்கும் நடுவா? அமெரிக்க வழக்கு நடுப்புள்ளியைக் கொள்கிறது. எல்லா அறிக்கைகளும் அதைக் குறிப்பிடுவதில்லை. யார்லுங் சாங்போ மரம், மெனாரா, செஞ்சூரியன் ஆகிய மூன்றும் ரெட்வுட்டிற்கு அடுத்த இடத்திற்கு நிற்பவை. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் வேறுபாடு 1.8 மீட்டர். யார்லுங் சாங்போ மரத்தின் விட்டம் 2.93 மீட்டர் என்று பதிவாகியுள்ளது. அத்தகைய பருமனுள்ள மரம் 30 பாகைச் சரிவில் நின்றால், அதன் மேல்பக்க அடிக்கும் கீழ்ப்பக்க அடிக்கும் இடையே மட்டும் 1.7 மீட்டர் வேறுபாடு இருக்கும்.